நாலாவது ஸ்க்ரூ

கடைக்கு வருகிறவர்கள் அவளை ஃப்ளாப்பி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் கூச்சமில்லாமல் அக்கா என்றார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

எல்லாரும் தூக்கிப் போட்டுவிட்ட பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட முடியாத இடங்கள் எந்த ஊரிலும் சில இருக்கும். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை மெஷின், அச்சகத்தில் தகடு எடுக்கிற மெஷின், கிடங்கில் மூன்று காப்பி பில் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மெஷின் கல் மாதிரி இருக்கும். அதை ஓட்டுகிற கம்ப்யூட்டருக்குத்தான் வயசாகியிருக்கும். அது மக்கர் பண்ணினால் புது மெஷினே வாங்கச் சொல்வார்கள் கம்பெனிக்காரர்கள். அந்த விலையைக் கேட்டுத் தலை சுற்றிப் போனவர்கள் கடைசியில் ஃப்ளாப்பி அக்காவைத் தேடி வருவார்கள்.

கடை அவள் புருஷனுடையது. முன்பக்கம் அவர் ரிப்பனும் டோனரும் காகிதமும் விற்றார். பின்னறை அவளுடையது. மூன்று சுவரிலும் அலமாரி. பழைய டிரைவ்கள், கீபோர்டுகள், குடல் மாதிரி சுருட்டி வைத்த பட்டை கேபிள்கள், ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒரு கண்ணாடி ஜாடி நிறைய ஸ்க்ரூ. எதுவும் தன் இடத்தை விட்டு ஒரு விரற்கடை நகராது. கழற்றிய ஸ்க்ரூவை வரிசையாக ஒரு காந்தத் தட்டில் வைப்பாள். மூடும்போது அதே வரிசையில் எடுத்துப் போடுவாள். யாரிடமும் படிக்கவில்லை. மூடிப்போன ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள், அங்கே ஏலத்தில் போன நாலு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்றைப் பாழாக்கி, நாலாவதை ஓட வைத்துக் கற்றுக்கொண்டாள். பதினாறு வருஷமாக இந்த ஊரில் இந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. ஓரகத்தி வந்தாள்.

சின்னவள் ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தவள். கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுவிட்டு, "அக்கா, சும்மா இருக்க பிடிக்கலை. உங்க கூட வந்து உட்காரட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வந்து உட்கார்ந்தாள். வேலை செய்துகொண்டே சீட்டியடிப்பாள். எடுத்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்த இடத்தில் வைக்க மாட்டாள். ஸ்க்ரூக்கள் மேஜை முழுக்க உருளும். ஆனால் எதைத் தொட்டாலும் ஓடியது.

முதல் அடி கிடங்கு பிரிண்டரில் விழுந்தது. அதன் ஹெட்டில் இரண்டு ஊசி அடிக்காமல், ஒவ்வொரு எழுத்திலும் நடுவே வெள்ளைக் கோடு விழுந்தது. மூத்தவள் பார்த்துவிட்டு, "ஹெட் போச்சு. வேற ஹெட் தேடணும்," என்று சொல்லிப் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு மதியம் அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், சின்னவள் அந்த ஹெட்டைக் கழற்றி ஒரு மூடியில் ஸ்பிரிட் ஊற்றி ஊறப் போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, திருப்பி மாட்டிவிட்டாள். காய்ந்த மை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரிண்டர் கடகடவென்று அடித்தது. ஒரு கோடு இல்லை.

"இதை நீங்களும் யோசிச்சிருப்பீங்கக்கா, நேரம்தான் இருந்திருக்காது," என்றாள் சின்னவள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். அதுதான் மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

மாமியார் அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதே ஆரம்பித்துவிட்டாள். "சின்னவ கை ராசியான கை. செத்ததை எழுப்பி உட்கார வச்சிருச்சு." வாரம் முழுக்க, போன் பண்ணின சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பிரிண்டர் கதை போய்ச் சேர்ந்தது. பதினாறு வருஷத்தில் மூத்தவள் எழுப்பி உட்கார வைத்தவற்றுக்கு ஒரு போன் போனதில்லை. மாமியாரைக் கேட்டால், "நீ செய்வேன்னு தெரியும், அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றிருப்பாள்.

அதிலிருந்து மூத்தவளுக்குக் காது தனியாக வேலை செய்ய ஆரம்பித்தது. முன்னால் யாராவது வந்து, "சின்ன மேடம் இருக்காங்களா?" என்று கேட்டால், பின்னறையில் சால்டரிங் புகைக்குள்ளே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவர்கள் தன்னைக் கேட்கிற நாட்களை எண்ண மாட்டாள். சின்னவளைக் கேட்கிற நாட்களை மட்டும் எண்ணினாள். சின்னவள் சீட்டியடிக்கும்போது, 'வாயை மூடு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "நல்லா இருக்கு ராகம்" என்று வெளியே சொன்னாள்.

எல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். எம்பிராய்டரி பட்டறை மட்டும் அவள் கையை விட்டுப் போகாமல் இருந்திருந்தால்.

அந்தப் பட்டறை அவளுடைய முதல் வாடிக்கை. சட்டைப் பையிலும் தொப்பியிலும் கோட்டிலும் சின்னங்கள் தைத்துக் கொடுக்கிற இடம். எட்டுத் தலை கொண்ட ஒரு நீள மெஷின். எட்டு ஊசியும் ஒரே நேரத்தில் ஒரே சின்னத்தை எட்டுத் துணியில் தைக்கும். அதன் கன்ட்ரோல் பெட்டிக்கு ஒரே ஒரு வாய்தான் உண்டு, ஃப்ளாப்பி டிரைவ். எந்த டிசைனாக இருந்தாலும் டிஸ்க்கில் வந்தால்தான் அதற்குப் புரியும். அதுவும் பழைய கால டிஸ்க்தான் வேண்டும். அது கிடைக்காதபோது பிந்தின கால டிஸ்க்கின் மூலை ஓட்டையில் கறுப்பு டேப் ஒட்டி ஏமாற்றிக் கொடுப்பாள். மாதம் ஒரு முறை போய் ஹெட்டைத் துடைத்து, பெல்ட்டைப் பார்த்து, எண்ணெய் விடுவாள். நடத்துகிற முதலாளியம்மா எப்போதும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற ஆள். "நீங்க இருக்கிற வரைக்கும் இந்த மெஷின் இருக்கும்மா," என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

மூத்தவள் மூன்று நாள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பட்டறைக்குப் போனால், டிரைவ் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்பு முகம். அதில் சிவப்பாக இரண்டு எண். கீழே பென் டிரைவ் செருகியிருந்தது.

"உங்க ஓரகத்தி வந்து போட்டுட்டுப் போனாங்க!" என்றாள் முதலாளியம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. "எமுலேட்டராம். மெஷின் இதை ஃப்ளாப்பின்னே நினைச்சுக்குதாம். நூறு டிஸ்க் இந்த விரல் நீளத்துல அடங்கிடுச்சு. டிரைவ் படிக்கலை, டிஸ்க் போச்சுன்னு இனிமே தகராறே இல்லை. இதை ஏன்மா நீங்க முன்னாடியே சொல்லலை?"

சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. அப்படி ஒரு சாமான் உண்டென்று மூத்தவளுக்குத் தெரியும். போட்டால் மாதம் ஒரு முறை அவள் வர வேண்டியிருக்காது. அதை முதலாளியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"பழைய டிரைவ் எங்கே?" என்று கேட்டாள்.

"அதா? பழைய இரும்புக்காரன் வந்தான், மத்த சாமானோட போட்டுட்டேன்."

பதினாறு வருஷம் அவள் துடைத்த டிரைவ். "நல்லா இருக்கு," என்று மட்டும் சொன்னாள். கண் தன் பழக்கப்படி கன்ட்ரோல் பெட்டியின் மூடியைப் பார்த்தது. நாலு மூலையில் மூன்றில்தான் ஸ்க்ரூ இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "அந்த மூடியில ஒரு ஸ்க்ரூ எங்கே?"

"எங்கயோ உருண்டு போச்சுக்கா," என்று சிரித்தாள் சின்னவள். "மூணு போதும். விழாது."

அடுத்த இரண்டு மாதம் பட்டறையிலிருந்து ஒரு போனும் வரவில்லை. எமுலேட்டர் பழுதே ஆகவில்லை. மூத்தவள் சாமி கும்பிடும்போதுகூட அது பழுதாக வேண்டும் என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக வெட்கப்பட்டாள்.

மூன்றாவது மாதம் போன் வந்தது. பட்டறையில் வேலைச் சீட்டு அடிக்கிற பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டதாம். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலிலேயே முதலாளியம்மா, "சின்னவங்க வரலையா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவள் நெஞ்சுக்குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பிரிண்டரை ஐந்து நிமிஷத்தில் சரி செய்தாள். சாப்பாட்டு நேரம். மெஷினை அணைத்துவிட்டு ஆபரேட்டர் கை கழுவப் போய்விட்டார். முதலாளியம்மா உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எட்டுத் தலையும் ஊசியைத் தூக்கிக்கொண்டு நின்றன. சட்டத்தில் எட்டு வெள்ளைக் கோட்டுகள் பூட்டியிருந்தன, ஒரு புது ஆஸ்பத்திரியின் நர்சுகளுக்கு.

யோசித்துச் செய்தாளா என்று பின்னால் அவளையே அவள் பல தடவை கேட்டுக்கொண்டாள். யோசித்துத்தான் செய்தாள். மூன்று ஸ்க்ரூவையும் கழற்றினாள். மூடியை எடுத்தாள். எமுலேட்டரின் பின்பக்கம் வரிசையாகக் கம்பி முட்கள். அதில் பல்லி முட்டை அளவுக்குக் கறுப்புத் தொப்பி ஒன்று இரண்டு முள்ளைச் சேர்த்து நின்றது. ஜம்பர். நான்தான் முதல் டிரைவ் என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அதை உருவிப் பக்கத்து முள்ளில் வைத்தாள். அவ்வளவே. எதுவும் உடையவில்லை. இனி மெஷின் கூப்பிட்டால் அது வாயைத் திறக்காது.

மூடியைத் திருப்பி மாட்டினாள். முன்னால் இருக்கிற கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அடுத்து நடக்கப் போவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். 'இப்ப கூப்பிடுவாங்க. நான் போய்ப் பார்ப்பேன். இந்தப் பொம்மையெல்லாம் இப்படித்தான்னு சொல்லுவேன். ஒரு நல்ல டிரைவை மாட்டுவேன்.' பேசப் போகிற வார்த்தைகளைக்கூட வரிசைப்படுத்திவிட்டாள்.

போன் வந்தது. புருஷன் எடுத்தார். "பட்டறையில மெஷின் நின்னுடுச்சாம். டிரைவ் இல்லைன்னு காட்டுதாம். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி திறப்பாம், இன்னும் நூத்தி இருபது கோட்டு பாக்கியாம்," என்றவர் ரிசீவரை நீட்டினார். அவளைத் தாண்டி, சின்னவளிடம். "உன்னைத்தான் கேக்கிறாங்க."

சின்னவள் பேசிவிட்டு வைத்தாள். "அக்கா, நீங்களும் வாங்களேன். ரெண்டு பேர் பார்த்தா சீக்கிரம் முடியும்."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாள். பட்டறையில் அத்தனை பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சின்னவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒரு ஸ்க்ரூ. இரண்டாவது. மூன்றாவது. மூடியை இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

நாலாவது மூலையில் ஒரு ஸ்க்ரூ இருந்தது. மற்ற மூன்றையும்விட இறுக்கமாக.

மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள்தான் போட்டாள். பையிலிருந்து அதே அளவு ஸ்க்ரூ ஒன்றை எடுத்து, மதியம் தன் கையாலேயே போட்டிருக்கிறாள். போட்டதே அவளுக்கு ஞாபகமில்லை. திறந்த மூடியை மூன்று ஸ்க்ரூவோடு விட்டுவிட்டு வருகிற கை அவளுக்கு இல்லை.

சின்னவள் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து ஒரு நொடி பார்த்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மூடியை எடுத்தாள். ஜம்பரைப் பார்த்ததும் நகர்த்தி வைத்தாள். மெஷினைப் போட்டதும் சிவப்பு எண் மின்னியது.

"என்ன ஆச்சு?" என்றாள் முதலாளியம்மா.

"என் தப்புதாம்மா," என்றாள் சின்னவள். "ஒரு ஜம்பரைச் சரியா உட்கார வைக்கலை. ஆடிட்டே இருந்து, இன்னைக்கு கழண்டுடுச்சு."

முதலாளியம்மா பொறுமைசாலி. ஆனால் அன்று அவளுக்கு நூற்றி இருபது கோட்டு பாக்கி. "தப்புன்னு சுலபமா சொல்லிட்டீங்க! மூணு மணி நேரம் எட்டு ஊசியும் சும்மா நிக்குது. என்ன, விளையாட்டா? தெரியாத வேலையில ஏன் கை வைக்கிறீங்க? பதினாறு வருஷமா இவங்க பார்த்தாங்க, ஒரு நாள் இப்படி ஆனதுண்டா?" என்று எல்லார் முன்னாலும் பொரிந்து தள்ளினாள்.

இந்தத் திட்டுக்காக மூத்தவள் எத்தனை நாள் காத்திருந்தாள். இதே வார்த்தைகளை, இதே பட்டறையில், இதே வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். இப்போது சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, அவளுடைய காதுமடல் சிவந்திருக்க, மூத்தவளுக்கு அந்தப் புகழ்ச்சி வாயில் மண்ணாக இருந்தது.

திரும்பும்போது சிவப்பு விளக்கில் ஸ்கூட்டர் நின்றது. முன்னால் பார்த்தபடியே சின்னவள் சொன்னாள். "நான் மூணு ஸ்க்ரூதான் போட்டேன்க்கா. இன்னைக்கு நாலு இருந்துச்சு."

பச்சை விழுந்தது. வண்டி கிளம்பியது.

வீட்டில் சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் கேட்டதற்கும், "சின்ன ஒயர் வேலை அத்தை, முடிஞ்சிடுச்சு," என்றாள். மறுநாள் கடைக்கு வந்தாள். சீட்டி மட்டும் அடிக்கவில்லை.

மூத்தவளுக்கு அடுத்த மூன்று நாளும் நெருப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சண்டை போட்டிருந்தால் இவளும் போட்டிருப்பாள். மாமியாரிடம் மூட்டிவிட்டிருந்தால், பார்த்தீர்களா இவள் குணத்தை என்று கையை நீட்டியிருக்கலாம். சின்னவள் எதற்கும் இடம் கொடுக்கவில்லை. வேலையில்தான் தன்னை முந்தினாள் என்று பார்த்தால் குணத்திலும் முந்திக்கொண்டு போய்விட்டாள். இத்தனை நாள் கையைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது மனசைப் பார்த்தும் எரிந்தது. தான் செய்தது தப்பு என்பதைவிட, அந்தத் தப்பு அந்தப் பெண்ணின் கைக்குள் பத்திரமாக இருக்கிறது என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

நாலாம் நாள் காலையில் நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"அன்னைக்கு மெஷின் நின்னதுக்கு அவ காரணம் இல்லைம்மா. நான்தான் ஜம்பரை மாத்தி வச்சேன். வேணும்னுதான் வச்சேன்."

முதலாளியம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தாள். "ஏன்?"

"அவளைக் கண்டா எனக்குப் பொறுக்கலை."

முதலாளியம்மா குரலை உயர்த்தவே இல்லை. "நான் ஊர்ல இல்லாதப்போ பட்டறைச் சாவியை உங்க கையிலதான்மா கொடுத்துட்டுப் போயிருக்கேன். என் கூடப் பிறந்தவங்ககிட்டகூட கொடுத்ததில்லை." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "நீங்க வந்து சொன்னது பெரிசுதான். இருந்தாலும் இனிமே இங்க வராதீங்க."

அவள் எழுந்தாள். கதவைத் தாண்டுவதற்குள் முதலாளியம்மா போனை எடுத்துவிட்டாள். "ஹலோ, சின்னவங்களா? நான் உங்களை அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன்மா, மனசுல வச்சுக்காதீங்க…"

இத்தனை அவமானத்துக்கு நடுவிலும், அந்தக் குரலின் குழைவைக் கேட்டதும் மூத்தவளுக்குப் பழையபடி சுருக்கென்றது. அது எப்போது ஓயும் என்று அவளுக்கே அலுப்பாக வந்தது.

கடைக்கு வந்து புருஷனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் ரிப்பன் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "செஞ்சதுதான் செஞ்ச, அந்த நாலாவது ஸ்க்ரூவை ஏன் போட்ட?" என்று கேட்டார்.

"மூணோட விட மனசு வரலை."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. கடையில் ஆள் வந்துவிட்டதால் அதையும் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

ஒரு மாதம் இரண்டு பேரும் ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். வேண்டிய பேச்சு மட்டும் நடந்தது. "அந்தக் கேபிளை எடுங்கக்கா." "இந்தா."

பிறகு ஒரு நாள் காலை சின்னவள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். திறந்தால் உள்ளே ஃப்ளாப்பிகள். இருநூறுக்கு மேல் இருக்கும். பூஞ்சை வாசனை குப்பென்று வந்தது.

"பட்டறையோட பழைய டிசைன் எல்லாம் இதுலதான் இருக்கு," என்றாள். "இப்ப ஓடுறது மட்டும்தான் பென் டிரைவ்ல இருக்கு. பழைய கஸ்டமர் ஒருத்தர் வந்திருக்காரு. நீச்சல் கிளப்பாம், பத்து வருஷத்துக்கு முன்னாடி தைச்ச சின்னமே வேணுமாம். நம்ம கிட்ட இருக்கிற எல்லா டிரைவ்லயும் போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணுகூட படிக்கலை. துடைச்சும் பார்த்தேன். எனக்குப் புரியலைக்கா."

மூத்தவளுக்குப் புரிந்தது. பார்த்த உடனேயே புரிந்தது. இரும்புக்காரனிடம் போன அந்த டிரைவில் ஹெட் ஒரு மயிரிழை உள்பக்கமாக விலகியிருந்தது. வாங்கின நாளிலிருந்தே அப்படித்தான். மெஷினில் திருத்தி மெஷினிலேயே சேமித்த டிசைன்கள் எல்லாம் அந்த மயிரிழை விலகின தடத்தில்தான் பதிந்திருக்கும். ஒழுங்கான எந்த டிரைவும் அதைப் படிக்காது. ஹெட்டை நேராக்கினால் பழைய டிஸ்க் எல்லாம் செத்துப் போகும் என்பதால்தான் அவள் பதினாறு வருஷமும் அதைத் தொடாமல் விட்டிருந்தாள். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவளுக்கு வெல்லம் மாதிரி நாக்கில் இருந்தது.

"வச்சிட்டுப் போ," என்றாள்.

அன்று பெட்டியைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் சின்னவள் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு டிஸ்க்கை எடுத்து அதன் கதவைத் தள்ளிப் பார்த்தாள். கறுப்புத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சில டிஸ்க்கில் ஓரத்தில் மட்டும் இருந்தது. சிலவற்றில் நடு வரை வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் விட்டால் எல்லாவற்றிலும் வந்துவிடும். சின்னவள் ஜெயிப்பதைப் பார்க்க முடியாமல் எத்தனையோ செய்தவளால், டிஸ்க் அழுகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. திட்டிக்கொண்டே பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்தாள்.

சின்னவள் வந்தபோது முப்பது டிஸ்க் துடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. மேஜையில் ஒரு டிரைவ் திறந்து கிடந்தது. மூத்தவள் அதில் ஹெட்டை நகர்த்துகிற மோட்டாரைப் பிடித்திருக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் லேசாகத் தளர்த்தி, மோட்டாரை நகக்கண்ணால் தள்ளுவதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். திரை முழுக்கச் சிவப்புக் கட்டங்கள், படிக்க முடியாத தடங்கள்.

"என்னக்கா பண்றீங்க? அலைன்மென்ட் போயிடுமே!"

"போகணும்னுதான் பண்றேன்." அந்தப் பழைய டிரைவின் கதையைச் சொன்னாள். சொல்லும்போதே, கையிலிருந்த கடைசிச் சீட்டையும் கீழே போடுகிறோம் என்று தெரிந்தது.

சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "இது தெரியாம நான் டிரைவைக் கழட்டிக் கொடுத்துட்டேனே. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்," என்றாள் மூத்தவள். பிறகு, கையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கேட்டாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியலை. உன்னைக் கண்டா எனக்கு வயிறு எரியுது."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"ஸ்க்ரூ நாலு இருந்ததைப் பார்த்த அன்னைக்கே தெரியும். இன்னும் எரியுதா?"

மூத்தவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "எரியுது."

"சரி, எரியட்டும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் சின்னவள். "அந்தப் பஞ்சை இப்படிக் கொடுங்க. நான் துடைக்கிறேன், நீங்க தள்ளுங்க."

பதினோரு மணிக்கு முதல் பச்சைக் கட்டம் வந்தது. பிறகு இரண்டு, நாலு, ஒரு வரிசை. மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்கினாள். சின்னவள் "அக்கா!" என்று கத்தியதில் முன்பக்கமிருந்து புருஷன் எட்டிப் பார்த்தார். முதல் டிஸ்க்கிலிருந்து ஒரு சிங்க முகம் முழுதாகத் திரையில் வந்தது. யாருடைய சின்னமோ.

ஐந்து நாள் இருந்தது வேலை. எல்லாம் பதிந்தது அந்த ஒரே டிரைவில்தான், ஆனால் வருஷத்துக்கு வருஷம் ஹெட் இன்னும் கொஞ்சம் விலகியிருந்திருக்கிறது. அதனால் பத்து டிஸ்க்குக்கு ஒரு தடவை மறுபடி தள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் சின்னவள், "நான் ஒரு தடவை தள்ளிப் பார்க்கட்டுமா?" என்றாள். மூத்தவள் எழுந்து இடம் கொடுத்தாள். தான் ஐந்து வருஷம் கெடுத்துக் கற்ற வேலை. சின்னவள் நாலு தடவை தவறினாள். ஐந்தாவது தடவை திரை பச்சையாகிவிட்டது. மூத்தவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. பட முடியவில்லை. ஆனாலும், "இன்னும் ஒரு பொடி பின்னாடி விடு, கடைசித் தடம் சிவப்பா இருக்கு," என்று சொன்னாள். சொன்னபடி விட்டதும் அதுவும் பச்சையானது.

இருநூற்றிப் பன்னிரண்டு டிஸ்க்கில் நூற்றித் தொண்ணூற்றேழு பிழைத்தன. நீச்சல் கிளப்பின் சின்னம், இரண்டு மீன் வாலைக் கோர்த்துக்கொண்டிருப்பது, நூற்றி நாற்பதாவது டிஸ்க்கில் கிடைத்தது. சின்னவள்தான் பென் டிரைவைப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். மூத்தவளுக்குத்தான் அங்கே போக முடியாதே. அன்று பூராவும் அவள் எந்த வேலையிலும் கை ஓடாமல், அங்கே இப்போது என்ன பேசுவார்கள், எப்படிச் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சின்னவள் வந்ததும் மாமியார் கேட்டாள். "என்ன, உன் கை ராசியைப் பாராட்டினாங்களா?"

"பாராட்ட வந்தாங்க அத்தை. என் கை இல்லை, அக்கா கைன்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று மாமியார் கேட்டாள். மூத்தவளும் அதைத்தான் கேட்க நினைத்தாள்.

"கண்ணாடியைத் தேடினாங்க."

மாமியார் மூத்த மருமகளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த வாரம் சொந்தக்காரர்களில் ஒருவருக்காவது அந்த டிஸ்க் கதை போயிருக்குமா என்று மூத்தவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். போனதாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து பட்டறை ஆபரேட்டர் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தது வேலைச்சீட்டு பிரிண்டர். கவுன்டரில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"காகிதத்தை இழுக்க மாட்டேங்குது அக்கா. கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்கன்னாங்க."

"யார்கிட்ட கொடுக்கச் சொன்னாங்க?"

"அதெல்லாம் சொல்லலை. ஃப்ளாப்பி அக்கா கடையில கொடுங்கன்னாங்க."

மூத்தவள் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆளை வராதே என்றவர்கள் சாமானை அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ரொம்ப யோசிக்கக் கூடாது என்று தோன்றியது. கடைசியில் ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சின்னவ அங்கதான் இருக்காளா?"

"இருக்காங்க. முதலாளியம்மா கூட உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருக்காங்க. ஒரே சிரிப்பு."

வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. அவள் அதை அப்படியே இருக்கவிட்டு, பிரிண்டரை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோய் விளக்கடியில் வைத்து, மூடியைத் திறந்தாள்.